ஜி.ஆர்.சி. என்று நம்பவைத்து விற்ற பலகைகள்: வீட்டு முகப்பு வேலை கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள், முகப்பில் ஜி.ஆர்.சி. (கண்ணாடி இழை சேர்த்த சிமெண்ட் கான்கிரீட்) ஜாலி, கார்னிஸ், தூண் அலங்காரம் என்று ஏதாவது வைக்கும் எண்ணத்தில் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் பதித்திருந்த ஒரு பலகை, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் மொத்தமாகப் பெயர்ந்து போர்டிகோவுக்கு முன்னால் விழுந்தது. என் அண்ணன் மகள் தினமும் சைக்கிள் நிறுத்தும் இடம் அது. அவள் பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள். பலகை வைத்து முழுதாக இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை.

வேலையை எடுத்தவர் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். பெயரைப் போடவில்லை, வழக்கு நடக்கிறது. அவர் கொண்டுவந்த வண்ணப் புத்தகத்தின் அட்டையில் அலை அலையாக வளைந்த ஒரு வெள்ளைக் கட்டடம். அசர்பைஜானின் பாகு நகரில் ஜஹா ஹதீத் வடிவமைத்து 2012இல் திறக்கப்பட்ட ஹைதர் அலியெவ் மையம் அது. அதன் வெளிப்போர்வையில் கண்ணாடி இழை கான்கிரீட் பலகைகள் இருப்பது உண்மைதான். "அதே மெட்டீரியல்தான் அம்மா, ஐம்பது வருடத்துக்கு நீங்கள் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்" என்று என் அம்மாவிடம் சொன்னார். "ஐஐடியில் அங்கீகாரம் கொடுத்த பொருள்" என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து சதுர அடிக்கு 260 ரூபாய் வீதம் எண்ணிக் கொடுத்தோம்.

அந்த ஐஐடி விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லிப் பலரிடம் விற்கிறார்கள். சென்னை ஐஐடியில் ஆய்வு செய்து, வளாகத்துக்குள்ளேயே மாதிரி வீடு கட்டிக் காட்டியது ஜி.எஃப்.ஆர்.ஜி. என்ற பொருளுக்கு. அது ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்து, உள்ளே துவாரங்கள் விட்டு, 124 மில்லிமீட்டர் கனத்தில் வரும் சுவர்ப் பலகை. வீட்டுச் சுவரையே அதில் எழுப்புவார்கள். முகப்பு அலங்காரத்துக்கு வரும் ஜி.ஆர்.சி. சிமெண்டும் மணலும் கண்ணாடி இழையும் சேர்ந்தது. இரண்டிலும் கண்ணாடி இழை இருப்பதையும் பெயர் ஒலிப்பு ஒன்றுபோல இருப்பதையும் தவிர உறவு கிடையாது. ஒன்றின் சான்றை இன்னொன்றுக்குக் காட்டுவது அப்பட்டமான ஏமாற்று.

விழுந்த பலகைக்கு வருகிறேன். உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோது பக்கவாட்டில் வெறும் சாம்பல் நிறச் சிமெண்டும் பெருமணலும் தெரிந்தன. நல்ல ஜி.ஆர்.சி.யை உடைத்தால் உடைந்த விளிம்பு முழுக்க இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். லேசில் இரண்டாகப் பிரியாது, இழுத்துப் பிய்க்க வேண்டும். எங்கள் துண்டில் விளிம்பு மழுக்கென்று இருந்தது. பின்பக்கத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு இழைப்பாய் ஒட்டியிருந்தது. படகு, தண்ணீர்த்தொட்டி ஓட்டை அடைப்பதற்கு பைபர் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்களே, அந்தப் பாய்தான். ஓரத்தில் நகத்தைக் கொடுத்ததும், மழையில் ஊறிய சுவரொட்டி போல அப்படியே உரிந்து வந்தது. சிமெண்ட் அந்தப் பாயின் உள்ளே இறங்கவே இல்லை. உரிந்த இழையை விரலால் மடித்தால் நொறுங்கியது. ஜாலியின் குறுக்குச் சட்டங்களில் அதுகூட இல்லை. இழைக்குப் பதிலாகக் கம்பி கட்டும் கட்டுக்கம்பியை உள்ளே வைத்து வார்த்திருக்கிறார்கள். அது துருப்பிடித்து ஊதிச் சட்டங்களை நீளவாக்கில் பிளந்திருந்தது. அவ்வளவு மெல்லிய சட்டத்தில் கம்பிக்கு மேல் கால் அங்குலம்கூட மூடாக்கு இருக்காது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது துருப்பிடிக்காமல் எப்படி இருக்கும்?

கண்ணாடி இழையைச் சேர்த்திருந்தாலும்கூட எந்தக் கண்ணாடி என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. சிமெண்ட் இறுகிய பிறகும் அதன் நுண்துளைகளில் உள்ள ஈரம் கடும் காரத்தன்மையோடு இருக்கும், பி.எச். அளவு 12.5க்கு மேல். பைபர் கடையில் கிடைக்கும் சாதாரண இ கிளாஸ் இழையை அந்தக் காரம் அரித்துவிடும். இழைக் கற்றைக்குள் சுண்ணாம்புப் படிகங்கள் வளர்ந்து அதை விறைப்பாக்கி ஒடியவும் வைக்கும். வெப்பமும் ஈரமும் கூடக்கூட இது வேகமாக நடக்கும். நம் கடலோரத்தில் இரண்டுக்கும் குறைவில்லை.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. சோவியத் நாட்டில் பிரியுகோவிச் குடும்பத்து ஆய்வாளர்கள் 1950களிலேயே கண்ணாடி இழையைச் சிமெண்டில் சேர்த்துப் பார்த்தார்கள். சாதாரண கண்ணாடி தாங்காது என்பதால் காரம் குறைந்த சிமெண்டைத் தேட வேண்டியிருந்தது. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் என்ற ஆய்வாளரின் குழுதான் 1960களின் இறுதியில் சிர்கோனியா (சிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு) சேர்த்த கண்ணாடியில் விடை கண்டது. பில்கிங்டன் நிறுவனம் அதை 1971இல் செம்-ஃபில் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. காரத்தைத் தாங்கும் அந்தக் கண்ணாடிக்குத் தொழிலில் ஏ.ஆர். கிளாஸ் என்று பெயர். அதில் எடையில் குறைந்தது 16 சதவீதம் சிர்கோனியா இருக்க வேண்டும் என்பது இன்று உலகம் முழுக்க ஏற்கப்பட்ட அளவு. ஏ.ஆர். கிளாஸ்கூட ஆண்டுகள் போகப்போகக் கொஞ்சம் வலு இழக்கும்; அதனால்தான் பொறியாளர்கள் பழசான பிறகு மிஞ்சும் வலுவை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

எங்கள் பலகையில் இருந்த இழையை, கட்டுமானத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் மூலம் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். எக்ஸ்-கதிர் சோதனையில் சிர்கோனியா என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

எடை இன்னொரு சாட்சி. ஜி.ஆர்.சி. பலகை பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிமீட்டர் கனத்தில் வரும். 12 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ; இரண்டு அடிக்கு நான்கு அடிப் பலகை 18 கிலோவை ஒட்டித்தான் இருக்க வேண்டும். மீதிப் பலகைகளை இறக்கியபோது ஒன்றைத் தெருமுனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். நாற்பது கிலோவைத் தாண்டியது. நடுவில் முக்கால் அங்குலம், ஓரத்தில் ஒன்றரை அங்குலம். இழை செய்ய வேண்டிய வேலையைச் சிமெண்டின் கனத்தை ஏற்றிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். கனம் குறைவு என்பதற்காகத்தானே மக்கள் இந்தப் பொருளையே தேடிப் போகிறார்கள்!

அந்தக் கனத்தைத் தாங்கியது என்ன என்று பார்த்தால் வயிறு எரிகிறது. பிளாஸ்டிக் பிளக்கில் முறுக்கிய சாதாரண இரும்பு ஸ்க்ரூ, மூலைக்கு ஒன்று. தலைப்பாகம் துருப்பிடித்துக் கரைந்திருந்தது. உப்புக்காற்றுப் படும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகு, அதிலும் 316 ரகம்தான் போட வேண்டும். பலகைக்குப் பலகை இடைவெளியே விடாமல் ஒயிட் சிமெண்டை வைத்து அடைத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஜி.ஆர்.சி.யில் சிமெண்ட் பங்கு அதிகம். ஈரம் ஏறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும், ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட அசையும். அதனால்தான் போல்ட் துளையை நீள்வட்டமாக விட்டு, இணைப்பில் நெகிழும் சீலன்ட் வைப்பார்கள். எங்கும் நகர முடியாமல் இறுக்கிப் பிடித்தால் பலகை தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் விரிசல்கள் எல்லாமே ஸ்க்ரூ துளையிலிருந்துதான் கிளம்பியிருந்தன. முதல் கோடையிலேயே மயிரிழை விரிசல் தெரிந்தது; அப்போது சொன்னதற்கு "பட்டி விரிசல் சார், பெயிண்டரைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது.

பலகை விழுந்த பிறகு தொலைபேசியில் பேசியபோது காரணம் மாறியது. கடற்காற்று என்றார். பிறகு கட்டடம் இறங்கியிருக்கும் என்றார். ஆய்வக அறிக்கையைப் பற்றிச் சொன்னதும், "ஓராண்டு வாரண்டி முடிந்துவிட்டது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இணைப்பைத் துண்டித்தார். குழந்தை நிற்கிற இடத்தில் விழுந்ததே என்று அம்மா கேட்டதற்கு அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பணத்தைவிட எனக்கு ஆறாதது அதுதான்.

பில்லைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த பில்லில் "எலிவேஷன் டிசைன் வேலை, மொத்தமாக" என்று மட்டும் இருக்கிறது. ஜி.ஆர்.சி. என்ற எழுத்தே கிடையாது. ஆனால் வேலை தொடங்கும் முன் அவர் அனுப்பிய விலைப்பட்டியலில் தெளிவாக "ஜி.ஆர்.சி. பலகை, 12 எம்.எம்." என்று எழுதியிருந்தார்; அது வாட்ஸ்அப்பில் அப்படியே இருக்கிறது. வழக்கறிஞர் முதலில் கேட்டதும் அதைத்தான். பில்லில் பொருளின் பெயர், கனம், ஏ.ஆர். கிளாஸ் என்ற குறிப்பு, பொருத்தும் போல்ட்டின் ரகம் எல்லாம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். எழுத மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இதற்குப் பிறகு நண்பரோடு போய், முறையாகச் செய்கிற ஒரு தொழிற்சாலையையும் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதால் சொல்கிறேன். ஏ.ஆர். கிளாஸ் இழைச் சுருள்கள் பெட்டியோடு அடுக்கியிருந்தன. தயாரித்த நிறுவனத்தின் பெயரும் ரகமும் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. துப்பாக்கி போன்ற கருவி இழையை வெட்டிக்கொண்டே சிமெண்ட் கூழோடு சேர்த்து அச்சில் பீய்ச்சுகிறது. ஒவ்வொரு அடுக்கையும் உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுகிறார்கள். இப்படிப் பீய்ச்சும் முறையில் எடையில் 5 சதவீதம் வரை இழை போகும். கலவையிலேயே இழையைப் போட்டு வார்க்கும் முறையில் 3 சதவீதத்தை ஒட்டி. அது இருக்கிறதா என்று பார்க்க, ஈரமாக இருக்கும்போதே ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சல்லடையில் கழுவுகிறார்கள். சிமெண்டும் மணலும் போய் இழை மட்டும் நிற்கும். உலர்த்தி எடை போட்டால் கணக்கு வந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற சோதனை. அதோடு, அக்ரிலிக் பாலிமர் சேர்க்காத கலவையை ஏழு நாள் ஈரத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் பலகைகள் வார்த்த இரண்டாம் நாளே லாரியில் ஏறியவை என்பதை அந்தப் பட்டறை ஆளே பொருத்த வந்தபோது சாதாரணமாகச் சொன்னார்.

ஆகவே வேலை கொடுக்கும் முன் பட்டறைக்கு நேரில் போங்கள். இழைப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அன்று வார்த்த துண்டு ஒன்றை உங்கள் முன்னால் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த மாதிரி ஒன்றை உடைத்துப் பாருங்கள். முறையாகச் செய்கிறவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். நான் பார்த்த தொழிற்சாலையில் கேட்பதற்கு முன்பே காட்டினார்கள். விலைப்பட்டியலில் 8, 10, 18 என்று தரம் குறிப்பிட்டிருந்தால் அது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் வலுவைச் சொல்லும் எண். 28 நாள் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உள்கூரைக்கான ஜிப்சம் அலங்காரத்தை வெளிச்சுவரில் ஒட்டி, அதையும் ஜி.ஆர்.சி. என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மழை பட்டால் அது ஊறிப்போகும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு ஒன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். வாரண்டி முடிந்துவிட்டது என்று விற்றவர் சொல்வதை நம்பி அந்தக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள். சொன்ன பொருளுக்குப் பதில் வேறு பொருளைக் கொடுத்தது வாரண்டியோடு முடிகிற விஷயம் இல்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழி தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள்.

மீதமிருந்த எல்லாப் பலகையையும் இறக்கிவிட்டோம். அதற்கான சாரச் செலவும் கூலியும் புகாரில் சேர்த்திருக்கிறோம். இந்த வட்டாரத்தில் இதுபோல முகப்பு வேலை செய்திருக்கிறவர்கள், அடுத்த மழைக்கு முன் ஒரு கொத்தனாரை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூ துளையிலிருந்து கிளம்பும் விரிசல், இணைப்பிலிருந்து வழியும் துருக்கறை, தட்டினால் கடகடவென்ற சத்தம் இருந்தால், கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு இறக்குங்கள். இறக்கும்போது படம் எடுங்கள். உடைந்த துண்டுகளில் இரண்டையாவது உறையில் போட்டு, தேதி எழுதி, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணையத்தில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.