பெங்களூர் வீட்டுக்கு ஆர்.ஓ. மிஷின் வேண்டுமா? பாகம் பாகமாக ஒரு மதிப்பீடு

போர் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ வரும் வீட்டுக்கு, சுவரில் மாட்டும் ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்) குடிநீர் மிஷின் நல்ல சாமான், தாராளமாக வாங்கலாம். காவேரி மட்டுமே வரும் வீட்டுக்கு அது தண்டச் செலவு. பணம் போவது ஒருபுறம், தண்ணீர் போவது அதைவிட வருத்தம்.

பெங்களூரில் இந்தக் கேள்விக்கு ஊருக்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் மாதிரி பழைய ஏரியாக்களில் காவேரிக் குழாய் வெகுகாலமாக இருக்கிறது. கே.ஆர்.புரம், வைட்ஃபீல்டு பக்கத்து அபார்ட்மென்ட்கள் பலவும் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியே வளர்ந்தவை. 2024 அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டம் தொடங்கி, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி செய்தார்கள். அதன்பிறகு பல இடங்களில் காவேரியும் போரும் ஒரே சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) கலக்கின்றன. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கு இரண்டு விதத் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டில் மாட்டியிருக்கிறார்கள் என்பதற்காக நாமும் மாட்டுவதில் அர்த்தமில்லை.

ஆகவே மிஷினுக்கு முன்னால் வாங்க வேண்டியது டி.டி.எஸ். மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி. எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேனா அளவுதான். அடியில் இரண்டு சின்ன உலோக முனைகள். அவற்றுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு என்று காட்டுகிறது. அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். டி.டி.எஸ். குறைவான தண்ணீர் ஒரு டம்ளரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கரைத்து மீட்டரை விடுங்கள். எண் அசையாது என்றே சொல்லலாம். இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு. எண் விர்ரென்று ஏறும். கரைந்து மின்னூட்டம் பெற்ற அயனிகள் மட்டும்தான் மீட்டருக்குத் தெரியும். கிருமி, பூச்சிமருந்து, எண்ணெய் எதுவும் தெரியாது. எனவே "டி.டி.எஸ். 60, சுத்தமான தண்ணீர்" என்று யாராவது சொன்னால் அதில் பாதிதான் உண்மை.

மீட்டரே சரியா என்று பார்க்க, ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் சரியாக ஒரு கிராம் சாப்பாட்டு உப்பைக் கரையுங்கள். சுமார் 1000 காட்ட வேண்டும். மீட்டர் 0.7 என்ற எண்ணால் பெருக்கும் வகையாக இருந்தால் 1400 பக்கம் காட்டும். அது கோளாறல்ல, வேறு கணக்கு. காலை, மாலை, காவேரி விடும் நாள், டேங்கர் வந்த மறுநாள் என்று சமையலறைக் குழாயில் அளந்து குறித்துவையுங்கள். கோடையில் ஒரு தடவை திரும்ப அளப்பது அவசியம், ஏனென்றால் அப்போதுதான் சம்ப்பில் போர் தண்ணீரின் பங்கு கூடும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க டி.டி.எஸ். வரம்பாக வைத்திருப்பது 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. காவேரி பெரும்பாலும் 300-க்குள் நிற்கும். 500-க்குக் கீழ் உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. போடுவதைத் தடை செய்யும்படி 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. போர் தண்ணீராக இருந்தால் டி.டி.எஸ்.ஸோடு நிறுத்தாமல், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நைட்ரேட், ஃப்ளோரைடு, கடினத்தன்மை, கோலிஃபார்ம் (சாக்கடைக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) நான்கையும் பார்த்துவிடுங்கள். நைட்ரேட்தான் இந்த ஊர் நிலத்தடி நீரின் பெரிய தலைவலி. சாக்கடை நீர் இறங்கும் இடங்களில் சேர்கிறது. வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதில் சலுகை கிடையாது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் அடர்த்தி இன்னும் கூடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது.

இப்போது மிஷினுக்கு வருவோம். இங்கே பேசுவது எட்டுப் பத்து லிட்டர் டேங்க்கும் 75 அல்லது 80 ஜி.பி.டி. (நாளுக்கு இத்தனை கேலன்) மெம்பிரேனும், அதாவது உப்பை வடிக்கும் சவ்வும், உள்ள வழக்கமான வகை. உள்ளே இருக்கும் சங்கதி பிராண்டுக்குப் பிராண்டு பெரிதாக மாறுவதில்லை. வெளியே மண்ணையும் துருவையும் வடிகட்டும் ஸ்பன் ஃபில்டர், உள்ளே இன்னொரு செடிமென்ட் ஃபில்டர், குளோரினை உறிஞ்சும் கார்பன் ஃபில்டர், 24 வோல்ட் பம்ப், அதற்கு முன்னால் தண்ணீரைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, மெம்பிரேன், கழிவுக் குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கட்டைவிரல் அளவு ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், கடைசியில் கிருமிக்கான யூ.வி. (புற ஊதா) விளக்கு.

உப்பில் போட்ட மாங்காய் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதே, அதுதான் சவ்வூடு பரவல்: நல்ல தண்ணீர் தானாக உப்பு அதிகமான பக்கம் போகும். ஆர்.ஓ.வில் உப்புப் பக்கம் அழுத்தம் கொடுத்து இதைத் திருப்புகிறோம். 1000 டி.டி.எஸ். தண்ணீரின் இயல்பான எதிர்ப்பழுத்தம் சுமார் 10 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு). ஏழு மீட்டர் உயரத்தில் இருக்கும் மேல்டேங்க் தரும் அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டும் சமமாகிவிட்டால் தண்ணீர் நகராது. அதனால்தான் பம்ப் 60 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை அழுத்துகிறது, கரண்ட் போனால் ஆர்.ஓ.வும் நின்றுவிடுகிறது.

இந்த யோசனை பழையது. ஆனால் அப்போதிருந்த சவ்வுகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்தது. 1960-ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட்டில் புதுவிதச் சவ்வு செய்தார்கள். உப்பைத் தடுக்கும் மெல்லிய தோல் மேலே, அதைத் தாங்கும் பஞ்சு போன்ற தடித்த அடுக்கு கீழே. தோல் மெலிந்ததும் தண்ணீர் பல மடங்கு வேகமாக இறங்கியது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊர் அந்த முறையில் குடிநீர் எடுக்கத் தொடங்கியது. இன்று நம் மிஷின்களில் இருப்பது பாலிஅமைடு சவ்வு, ஆனால் மெல்லிய தோல், தாங்கும் அடுக்கு என்ற அமைப்பு அதேதான்.

வீணாகும் தண்ணீரைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 75 ஜி.பி.டி. என்றால் மணிக்குச் சுமார் 12 லிட்டர் நல்ல தண்ணீர். அதோடு பொதுவாக வரும் 450 ரெஸ்ட்ரிக்டர் நிமிடத்துக்கு 450 மில்லி கழிவை விடும்; மணிக்கு 27 லிட்டர். உள்ளே போவது 39 லிட்டர், குடிக்கக் கிடைப்பது 12. போர் தண்ணீர் 900 டி.டி.எஸ்., வெளியே வருவது 45 என்றால் கழிவு 1280 பக்கம் இருக்கும். வீடு துடைக்க, டாய்லெட்டில் ஊற்றப் பயன்படும், தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் உப்புப் படியும். இதே மிஷினில் 200 டி.டி.எஸ். காவேரியை விட்டால்? கழிவின் டி.டி.எஸ். சுமார் 285. உப்புக் கணக்கில் குடிநீர் வரம்புக்குள் நிற்கும் தண்ணீர் அது. நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மின்சாரம் செலவழித்து மேடேற்றிக் கொண்டுவந்த நீரை மணிக்கு 27 லிட்டர் சாக்கடைக்கு அனுப்ப நாமே காசு கொடுத்து மிஷின் வாங்குகிறோம். கழிவு குறையட்டும் என்று ரெஸ்ட்ரிக்டரைச் சிறியதாக மாற்றுவதும் தப்பு. கடின நீரில் சுண்ணாம்பு சவ்வின் மேலேயே படிந்து சில மாதத்தில் அடைத்துவிடும்.

காவேரி வீட்டுக்கு யூ.வி. + யூ.எஃப். (நுண்துளைச் சவ்வு வடிகட்டி) மிஷின் போதும். விலை குறைவு, கழிவு நீர் கிடையாது. மிஷினே வேண்டாம் என்றால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிடலாம். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் கிருமியைக் கொல்ல அது தாராளம்.

போர் தண்ணீர் வீட்டில் ஆர்.ஓ. தரும் பலன் சமையலிலேயே தெரியும். கால்சியம் பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்குவதால்தான் கடின நீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் குழைந்துவிடும்.

இனிப் பழுது. "மெம்பிரேன் போச்சு, மாத்தணும்" என்று சர்வீஸ் ஆள் சொல்வதை அப்படியே ஏற்காமல் இரண்டு எண்களைப் பாருங்கள்: உள்ளே போகும் டி.டி.எஸ்., வெளியே வரும் டி.டி.எஸ். 900-க்கு 45 என்றால் 95 சதவீதம் தடுக்கிறது, அருமை. தடுப்பது 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மிஷின் ஐந்து நிமிடம் ஓடிய பிறகுதான் அளக்க வேண்டும். நின்றிருக்கும்போது உப்பு மெதுவாகச் சவ்வைத் தாண்டிக் கசிவதால் முதல் டம்ளர் எப்போதும் அதிகமாகக் காட்டும். தண்ணீரின் வேகம் குறைந்து, டி.டி.எஸ். பெரிதாக மாறவில்லையா? முதலில் ஸ்பன், செடிமென்ட் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சவ்வில் சுண்ணாம்பு. வேகமும் கூடி டி.டி.எஸ்.ஸும் கூடுகிறதா? குளோரின் சவ்வை அரித்துவிட்டது, அதாவது கார்பன் ஃபில்டரை உரிய நேரத்தில் மாற்றவில்லை. புது மெம்பிரேனை மட்டும் போட்டால் அதற்கும் அதே கதி. டிசம்பர், ஜனவரியில் வேகம் குறைந்தால் பயப்பட வேண்டாம். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3 சதவீதம் குறைவது இயல்பு. மிஷினை அணைத்த பிறகும் கழிவுக் குழாய் சொட்டினால் சோலினாய்டு வால்வில் தூசு சிக்கியிருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இதுதான், ராத்திரி முழுக்கத் தண்ணீர் போகும்.

டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். விளம்பரத்தில் "தாதுக்களைக் காப்பாற்றும்" என்பார்கள். அது செய்வது, சவ்வைத் தொடாத தண்ணீரைக் கொஞ்சம் திருப்பி நல்ல தண்ணீரில் கலப்பது. காவேரியில் அதனால் கெடுதல் இல்லை; நைட்ரேட் உள்ள போர் தண்ணீரில் எதை நீக்கக் காசு கொடுத்தோமோ அதையே திரும்பச் சேர்க்கிறது. முழுக்க மூடி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் சப்பென்று இருந்தால் கால்சியம், மெக்னீசியம் சேர்க்கும் மினரல் கார்ட்ரிட்ஜ் உள்ள மாடல் பாருங்கள்.

யூ.வி. விளக்கின் நீல வெளிச்சத்தை நம்பாதீர்கள். கிருமியைச் செயலிழக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத 254 நானோமீட்டர் கதிர்; விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்போதும் அது மங்கிப்போகும். 8000 மணி நேரம் வாக்கில் மாற்ற வேண்டும். அதோடு, குளோரின் போன தண்ணீர் டேங்க்கில் நின்றால் கிருமி மறுபடி வளரும். ஊருக்குப் போய் வந்தால் பழைய டேங்க் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வீடு தேடி வரும் விற்பனை ஆட்கள் செய்யும் டெமோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கும், மேலே நுரை கட்டும். பார்த்தால் வயிற்றைப் புரட்டும். அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியின் இரும்பு கரைந்து துருவாக வருகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் ஓடாது, கம்பி கரையாது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பயந்து அட்வான்ஸ் கொடுப்பதற்குள், அந்த ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் அதே மாதிரி கலங்கும்.

இன்னொன்று மஞ்சள் சொட்டு. குழாய்த் தண்ணீரில் விட்டதும் மஞ்சளாகும், "விஷம் இருக்கு" என்பார்கள். அது குளோரினைக் காட்டும் மருந்து. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்று தரமே சொல்கிறது; வழியில் கிருமி சேராமல் காப்பது அதுதான். அந்தச் சொட்டு நமக்கு வேறு விதத்தில் உதவும்: கார்பன் ஃபில்டரைத் தாண்டி வந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள், மஞ்சளானால் கார்பன் தீர்ந்துவிட்டது. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது.

பிராண்டா, அசெம்பிள் செய்ததா? எங்கள் ஓட்டு, பொதுச் சந்தையில் கிடைக்கும் பாகங்கள் உள்ள மிஷினுக்குத்தான்: 1812 அளவு மெம்பிரேன், 24 வோல்ட் பம்ப், பத்து அங்குல ஸ்பன். தனக்கென்று தனி வடிவக் கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கும் மாடல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சர்வீஸுக்கு அந்தக் கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும். வருட ஒப்பந்தம் போடும்போது மெம்பிரேனும் பம்ப்பும் அதில் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். ஃபில்டர் மட்டும் என்றால் அந்தத் தொகை அதிகம். மாட்டிய அன்று முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள், மெம்பிரேன் கெடாமலிருக்கப் போட்ட மருந்து அதோடு போய்விடும். பிறகு உள்ளே, வெளியே டி.டி.எஸ்., ஒரு லிட்டர் நிரம்ப ஆகும் நிமிடம் மூன்றையும் சர்வீஸ் ஆளையே அளக்கச் சொல்லி, தேதியோடு மிஷின் பக்கவாட்டில் ஸ்டிக்கராக ஒட்டி வாங்குங்கள். அடுத்த வருடம் அவர் எதை மாற்றச் சொன்னாலும் அந்த மூன்று எண்களோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டியிருக்கும்.