விஜயவாடாவில் இருந்தபடியே இணையத்தில் ஆவக்காய் வாங்கிய அனுபவம்

அப்பா ரயில்வே வேலைக்காக விஜயவாடாவுக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் சத்தியநாராயணபுரத்திலேயே தங்கிவிட்டதால், தமிழ் பேசும் எங்கள் குடும்பத்துக்கு அதுவே ஊராகிவிட்டது. நியூ ஜெர்சியிலிருந்து பலரும் டிசம்பர் விடுமுறையில்தான் ஊருக்குப் போவார்கள் என்றாலும், இந்த முறை நாங்கள் மே மாதத் தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்ததற்கு ஆவக்காய்ப் பருவமும் ஒரு காரணம். காளேஸ்வர ராவ் மார்க்கெட்டில் மாங்காயைப் பொறுக்கி, அங்கேயே காய் வெட்டும் கத்தியுடன் உட்கார்ந்திருப்பவரிடம் கூலி கொடுத்து வெட்டி, வீட்டுக்கு வந்து ஒவ்வொரு துண்டையும் ஈரம் போகத் துணியால் துடைத்து ஜாடியில் போடும் வேலை இனித் தன்னால் முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகவே இந்த வருடத்து ஊறுகாய் முழுவதையும் இணையத்தில் வாங்கினோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சேவைகள் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் வீட்டு முறைப் பலகாரங்களும் ஊறுகாயும் விற்கும் ‘ஸ்வக்ருஹ’ கடைகள் இல்லாத நகரமே இல்லை; அவற்றில் பல இப்போது தங்கள் சொந்த இணையதளத்தில் ஆர்டர் எடுக்கின்றன. தணுக்கு பக்கத்திலுள்ள உசுலுமர்ரு போல, ஊறுகாய் போட்டு விற்பதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த கிராமங்களிலிருந்தும் சரக்கு வருகிறது. இவை தவிர, வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பி, பணம் வந்ததும் கூரியரில் போட்டுவிடும் குடும்பப் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லோருமே ‘வீட்டில் செய்தது’ என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். அந்தச் சொல்லை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆவக்காயைப் பொறுத்தவரை எப்போது கலந்தது, என்ன எண்ணெய், காய் ஓட்டோடு வெட்டப்பட்டதா என்ற கேள்விகளுக்கு விற்பவர் தடுமாறாமல் பதில் சொல்கிறாரா என்பதே என் முதல் அளவுகோல்.

ஆவக்காய்க்கு உரிய காய் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. ஏப்ரல் நடுவிலிருந்து மே மாதம் வரை, கொட்டையைச் சுற்றிய ஓடு கெட்டிப்பட்டிருந்தும் சதை இன்னும் வெள்ளையாகவும் புளிப்பாகவும் இருக்கும் காயைத்தான் எடுப்பார்கள். அதற்கு முன்னால் பறித்தால் ஓடு உருவாகியிருக்காது; பின்னால் பறித்தால் சதை மஞ்சளடித்து, இனிப்பு ஏறி, சில வாரங்களில் குழைந்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் ஓட்டின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: அந்த ஓடுதான் வருடம் முழுவதும் துண்டு கரையாமல் பிடித்து வைக்கிறது. உள்ளிருக்கும் பருப்பையும், அதை மூடியிருக்கும் மெல்லிய தோலையும் மட்டும் எடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இதற்குச் சின்ன ரசாலு, கொத்தபல்லி கொப்பரி போன்ற வகைகளை விரும்பி வாங்குவார்கள். இணையதளத்தில் காயின் வகையைச் சொல்லும் கடைகள் குறைவு. சொல்லுகிற கடையை நான் கூடுதலாக நம்புகிறேன்.

வாட்ஸ்அப் வழியாக விற்கும் ஒரு மூதாட்டியிடம், “இந்த வருஷத்துக் காய்தானா ஆன்ட்டி?” என்று கேட்டேன். “நேத்துதான் கலந்தோம் பாபு. மூணாம் நாள் திரும்பக் கலக்கி எண்ணெய் ஊத்தாம அனுப்ப மாட்டோம். அவசரம்னா வேற எடத்துல வாங்கிக்கோங்க” என்றார். அந்தப் பதிலிலேயே நான் தேடியதெல்லாம் இருந்தது. உப்பும் காரமும் பட்டதும் காய் நீர் விடும். மூன்றாம் நாள் அடியிலிருந்து புரட்டி, எண்ணெய் போதாவிட்டால் மேலும் ஊற்றிய பிறகுதான் அது ஊறத் தொடங்கும். அதற்கு முன்பே பையில் அடைத்து அனுப்பும் கடைகளின் சரக்கில் துண்டு ஒரு பக்கமும் பொடி ஒரு பக்கமுமாக நிற்பதை நானே பார்த்தேன்.

எண்ணெய் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கலாம். கோஸ்தா எனப்படும் கடலோர ஆந்திர மாவட்டங்களில் ஆவக்காய்க்குக் காய்ச்சாத நல்லெண்ணெய்தான் வழக்கம். ராயலசீமையில் கடலையெண்ணெய் சேர்ப்பார்கள், அதில் தவறில்லை. சூரியகாந்தி எண்ணெய், பாமாயில், பருத்திவிதை எண்ணெய் என்று பொருட்பட்டியலில் எழுதியிருந்தால் அது மலிவுக்காகச் செய்யப்பட்டது. பட்டியலில் பொருட்கள் எடை வரிசைப்படிதான் வர வேண்டும் என்பதால், மாங்காய்க்குப் பின்னால் எது நிற்கிறது என்று பார்த்தாலே பாதி செய்தி கிடைத்துவிடும். விலையும் ஒன்றைச் சொல்லும். செக்கு நல்லெண்ணெய் லிட்டர் 400 ரூபாயை ஒட்டி விற்கும்போது, கிலோ 250 ரூபாய்க்கு நல்லெண்ணெய் ஆவக்காய் என்று ஒருவர் விற்க வழியே இல்லை. நான் பார்த்த நம்பகமான கடைகளில் கிலோ 500 முதல் 700 ரூபாய் வரை இருந்தது. அந்த விலை எனக்கு நியாயமாகவே பட்டது.

கடுகுத்தூளும் மிளகாய்த்தூளும் ஏறக்குறைய சம அளவு, இடித்த கல்லுப்பு அதைவிடச் சற்றுக் குறைவு என்பதே பல வீடுகளின் கணக்கு. கடுகை வெயிலில் காயவைத்துப் பச்சையாகப் பொடிக்க வேண்டும். வறுத்துவிட்டால் ஈரம் பட்டதும் எழும் அந்த நெடி போய்விடும், கெடாமல் காக்கும் அதன் ஆற்றலும் குறையும். மிளகாயில் புவிசார் குறியீடு பெற்ற குண்டூர் சன்னம் காரத்துக்குப் பெயர் பெற்றது. நிறம் தூக்கலாக வேண்டும் என்பவர்கள் வாரங்கல் பக்கத்துச் சப்பட்டா மிளகாயைக் கலப்பார்கள். உப்பு, புளிப்பு, கடுகு, மேலே நிற்கும் எண்ணெய் ஆகிய நான்கும் சரியாக அமைந்துவிட்டால் வேறு பாதுகாப்புப் பொருள் எதுவும் தேவையில்லை. ஆகவே பட்டியலின் கடைசியில் 211 என்ற எண்ணோடு சோடியம் பென்சோயேட்டோ, 260 என்ற எண்ணோடு அசிட்டிக் அமிலமோ இருந்தால், அது சட்டத்துக்கு உட்பட்டதே என்றாலும், வீட்டு முறை என்ற பெயரில் அதை வாங்க எனக்கு மனமில்லை.

வந்த பொட்டலங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பையின் ஓரத்தை வெட்டியதும் முதலில் கடுகின் நெடி மூக்கில் ஏறி, அதன் பின்னால் நல்லெண்ணெய் வாசனை வந்தது. கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி அரைமணி நேரம் விட்டபோது துண்டுகள் அடியில் அமர்ந்து, ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்த எண்ணெய் தெளிந்து மேலே நின்றது. ஊறுகாயின் மேல் அரை சென்டிமீட்டர் உயரத்துக்காவது எண்ணெய் நிற்க வேண்டும், அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது எண்ணெய் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இங்கே அதற்கு மேலேயே இருந்தது. ஒரு துண்டை எடுத்து நகத்தால் அழுத்தினால் சதை விட்டுக்கொடுக்கவில்லை, ஓடு கழன்று வரவில்லை. சூடான சோற்றில் பிசைந்து, நெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அம்மா, “உப்பு மட்டும் ஒரு பிடி கூட, நாள்பட்டால் சரியாகிவிடும்” என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடைக்காது.

பணம் செலுத்துவதில் வெளிநாட்டவர்களுக்குச் சிரமம் உண்டு. சிறிய கடைகளின் தளங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கடனட்டையை ஏற்பதில்லை. ஒருமுறைக் கடவுச்சொல் இந்தியக் கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். வீட்டில் ஒருவரின் கூகுள் பே அல்லது ஃபோன்பே வழியாகச் செலுத்துவது எளிது. விநியோகம் பொதுவாகத் திருப்தியாக இருந்தது. கோதாவரி மாவட்டங்களிலிருந்து மறுநாளே வந்துவிடுகிறது. ஒரு கடையின் பொட்டலம் மட்டும் எண்ணெய் கசிந்து, அட்டைப்பெட்டி முழுவதும் நனைந்து வந்தது. படம் எடுத்து அனுப்பியும், கூரியர் நிறுவனத்தைக் கேளுங்கள் என்று தட்டிக்கழித்தார்கள். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, தளத்தில் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பும் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யப்போவதாக எழுதிய பிறகு மாற்றுப் பொட்டலம் வந்தது. உடைந்தோ கசிந்தோ வந்தால் என்ன செய்வார்கள் என்பதைத் தளத்தில் எழுதி வைத்திருக்கும் கடையையே தேர்ந்தெடுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைப்பதும் நல்லது.

பொட்டலத்தில் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. வீட்டிலிருந்து விற்கும் பெண்களிடம் 2இல் தொடங்கும் எண்தான் இருக்கும். அது தரக்குறைவின் அடையாளம் அல்ல. எண்ணே இல்லாமல், தயாரித்த தேதியும் இல்லாமல் அனுப்புகிறவர்களிடம், எவ்வளவு தெரிந்தவர்கள் சொன்னாலும், வாங்க வேண்டாம் என்பேன். விற்கிறவர் யார் என்று காட்ட வேறு சான்று எதுவும் நம் கையில் இருப்பதில்லை.

மற்ற ஊறுகாய்களில் மாகாயவை அதிகம் பேர் கவனிப்பதில்லை, அது எனக்கு வருத்தம். தோல் சீவிய மாங்காயை உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்து, மூன்றாம் நாள் பிழிந்து, துண்டுகளையும் ஊறிய நீரையும் தனித்தனியே வெயிலில் வைத்துச் செய்யும் இதில் ஓடு இருக்காது, கடுகோடு வெந்தயம் முன்னால் நிற்கும். தயிர்ச்சோற்றுக்கு இதற்கு ஈடில்லை. வெல்ல ஆவக்காய் குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது. புளிச்சக்கீரையில் செய்யும் கோங்குராவைச் சிவப்புத் தண்டு வகையில் செய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். புளிப்பு அதில்தான் அதிகம்.

கொண்டுவருவதைப் பொறுத்தவரை, ஊருக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆர்டர் செய்துவிடுவதுதான் நல்லது. ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கவும், ஊறுகாய் ஊறி அடங்கவும் நாள் கிடைக்கும்; புதிதாகக் கலந்ததை உடனே அடைத்தால் பை உப்பிக்கொள்ளும். பல கடைகள் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று கேட்டால் தடித்த பிளாஸ்டிக் பையில் இரட்டையாகச் சூட்டில் ஒட்டித் தருகின்றன. கண்ணாடிப் பாட்டிலை விட அதுவே பாதுகாப்பு. கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள் என்பதால், லக்கேஜில் போடும் பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வைக்க வேண்டும். அமெரிக்காவில் இறங்கும்போது உணவுப்பொருள் இருப்பதை அறிவிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பொருட்பட்டியல் அச்சிட்ட லேபிள் இருந்ததால் அதிகாரி ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிட்டார். கோழி, ஆட்டிறைச்சி ஊறுகாய்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆசைப்பட்டால் ஊரிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்போது கிடைக்கும் ஆவக்காய் ஏப்ரல், மே மாதங்களில் போட்டதாகத்தான் இருக்க வேண்டும்; புதிதாகக் கலந்தது என்று யாராவது சொன்னால் அது பருவக் காய் அல்ல. அந்தக் காலத்தில் கார்த்திகையில் போட்ட நெல்லிக்காய் ஊறுகாயும், பச்சைப் புளியங்காய்த் தொக்கும் அருமையாகக் கிடைக்கும். ஜனவரி வரை இருக்க முடிந்தால் செடியிலேயே பழுத்த சிவப்பு மிளகாயை இடித்துப் புளி சேர்த்துச் செய்யும் பண்டு மிரபகாயப் பச்சடி வரத் தொடங்கும். அதைக் கால் கிலோவாவது முன்பதிவு செய்து வையுங்கள்.