பிரிக்பீல்ட்ஸ் குறும்பட வகுப்பு: 480 வெள்ளிக்குத் தகுமா?

கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. செந்தூல், பத்து கேவ்ஸ், கிள்ளான் என்று மண்டபம் மண்டபமாக அலைகிறவனுக்கு சினிமா வகுப்பு எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். கேமரா பிடிக்கத் தெரிகிறது, மூன்று மணி நேரச் சடங்கைக் கொட்டாவி வராமல் காட்டத்தான் தெரியவேண்டும். அதற்காகச் சேர்ந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி, சனிக்கிழமை வகுப்பு, கட்டணம் 480 வெள்ளி (ரிங்கிட்). கொஞ்சம் திட்டவும் வேண்டியிருப்பதால் பெயரைப் போடவில்லை.

கதைப் பகுதியிலேயே பாதிக்கு மேல் காசு திரும்பிவிட்டது. சார் எடுத்துக்கொண்ட படம் ‘அந்த நாள்’. 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆளுக்கொரு கட்டு அட்டை கொடுத்து, அட்டைக்கு ஒரு காட்சி எழுதச் சொன்னார். முதலில் சம்பவங்கள் நடந்த வரிசையில் தரையில் பரப்பினோம், அப்புறம் படம் காட்டும் வரிசையில். சிவாஜி சுடப்படுவது இரண்டாவது வரிசையில் ஆரம்பத்திலேயே வருகிறது. முதல் வரிசையிலோ அது எங்கேயோ பின்னால் கிடந்தது. மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் வாய் திறக்கும்போது செத்தவர் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார். நடந்த கதை வேறு, அதை அடுக்கும் முறை வேறு என்று ரஷ்ய உருவவாதிகள் என்ற இலக்கிய ஆய்வாளர்கள் பிரித்ததை வெறும் கோட்பாடாகப் படித்தால் எனக்குத் தூக்கம் வரும். தரையில் மண்டியிட்டு அட்டையை மாற்றும்போது பிடிபடுகிறது. கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

கேமரா எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டும் என்கிற 180 பாகை விதியும் அப்படித்தான். எதிரெதிரே இரண்டு பேரைத் தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) உட்காரவைத்து, இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கேமராவைக் கொண்டுபோனார். திரையில் இருவரும் ஒரே திசையைப் பார்த்தார்கள். இரண்டு கேமரா வைத்து மணவறையைப் படம்பிடிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

ஒலிப்பதிவன்று ஏர்கோனை நிறுத்தி, யாரும் பேசாமல் அந்த அறையின் வெறுஞ்சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்தோம். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஆனால் எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே அதைப் போட்டதும் வெட்டிய இடமே தெரியவில்லை.

விளக்குதான் மோசம். முதன்மை விளக்கு, நிரப்பு விளக்கு, பின்விளக்கு என்று வெள்ளைப் பலகையில் அழகாக வரைந்தார்கள். கையில் கொடுத்ததோ ஒரே ஒரு எல்.இ.டி. பேனல், அதுவும் திருகு கழன்ற ஸ்டாண்டில். கல்யாண மண்டபத்தில் ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் மஞ்சள் பல்பு 3200, சன்னலில் பகல் வெளிச்சம் 5600. நடுவில் மாநிறப் பெண், சிவப்புப் பட்டு, கழுத்து நிறைய நகை. முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் நகை வெளுக்கிறது, நகைக்கு வைத்தால் முகம் இருள்கிறது. இதை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டேன். “அது அட்வான்ஸ் வகுப்பு தம்பி” என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணமாம்.

மற்றபடி, ஆங்கிலப் பாடப்புத்தகத்திலிருந்து நகலெடுத்த குறிப்புகளில் பாதி மங்கல். சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட மட்டும் உதவும். கதையும் ஒலியும் வேண்டுமென்றால் தாராளமாகச் சேரலாம், விளக்குக்காக என்றால் வேண்டாம். பார்க்கிங் தேடி அல்லாடாமல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். சொந்த ஹெட்போன் கொண்டுபோங்கள், அங்கே இருப்பது ஒரு காதில்தான் கேட்கிறது.