ஹட்டன்ல நடக்கிற சிஸ்டம் அனலிசிஸ் கிளாஸ், ஒரு பேட்ச் முழுக்க போனவளோட ரிவியூ

வெளிவாரி ஐடி டிகிரி செய்ற நம்ம பக்கத்து பிள்ளைங்க நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருந்தீங்க, சிஸ்டம் டெவலப்மென்ட் மெதடாலஜி, அதாவது ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டத்த எந்த முறைல திட்டம் போட்டு கட்டுறதுங்கிற பாடத்துக்கு எங்க போறதுனு. நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஹட்டனுக்கு எட்டு மாசம் சனிக்கிழம சனிக்கிழம போயி முடிச்சிருக்கேன், எக்ஸாமும் பாஸ், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். கிளாஸ் எடுக்கிற சேரோட பேர் போடல, அவரு விளம்பரம் பண்றதில்ல, பேர் போட வேணாம்னு சொல்லிட்டாரு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இதுக்கு முன்ன நான் வேற ஒரு பெரிய இடத்துல ஒன்லைன் கிளாஸ் சேர்ந்திருந்தேன், பேர் வேணாம், மூணு மாச காச முன்கூட்டியே வாங்கிட்டாங்க, அம்மா சீட்டு காச எடுத்து குடுத்தாங்க. அங்க நடந்தது என்னன்னா ஸ்லைட்ட அப்படியே வாசிக்கிறது. வோட்டர்ஃபோல், ஸ்பைரல், எஸ்எஸ்ஏடிஎம், ஆர்ஏடி, அஜைல்னு சிஸ்டம் கட்டுற முறை ஒவ்வொண்ணுக்கும் நல்லது அஞ்சு, கெட்டது அஞ்சு, பாடமாக்குங்க பிள்ளைகளேனு. நானும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாடமாக்கினேன். எக்ஸாம்ல ஒரு ஆஸ்பத்திரி கதைய குடுத்து இதுக்கு எந்த மெதடாலஜி பொருந்தும், ஏன்னு கேட்டிருந்தாங்க. எனக்கு பட்டியல் தெரியும், அந்த ஏன் தெரியல. பெயில். அம்மாகிட்ட சொல்ல எனக்கு நாலு நாள் ஆச்சு.

அதுக்கப்புறம் தான் ஒரு அக்கா சொல்லி இந்த ஹட்டன் கிளாஸுக்கு வந்தேன். போட்டோகொப்பி கடைக்கு மேல ஒரு ரூம், பெஞ்சு ஏழு, வைட்போர்டு ஒண்ணு, புரொஜெக்டர் கெடையாது. மாசம் 2500 ரூபா, அந்தந்த மாசம் குடுத்தா போதும், ஒரு மாசம் முடியலனா அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கிறாரு, முகம் சுளிச்சு நான் பார்த்ததில்ல.

மொத நாள் சேர் ஸ்லைட் எதுவும் குடுக்கல, புத்தகத்த தொறக்கவும் சொல்லல. 1951ல இங்கிலாந்துல லியோனு ஒரு கம்ப்யூட்டர், வியாபார கணக்குக்கு ஓடின மொத கம்ப்யூட்டர் அது, அத கட்டினது யார் தெரியுமானு கேட்டாரு. யாருக்கும் தெரியல. லயன்ஸ்னு டீக்கட நடத்தின கம்பெனியாம், கடைகளுக்கு தெனம் எவ்வளவு கேக்கு எவ்வளவு பணிஸ் போகணும்னு கணக்கு பாக்கவும், பிறகு சம்பளம் போடவும். இந்த பாடம் உங்களுக்கு தூரத்து பாடம் இல்ல, தேயிலைக்கு பக்கத்துல இருந்து தொடங்கின பாடம்னு சொல்லிட்டு போர்டுல ஒரு வட்டம் போட்டு உள்ள செக்ரோல்னு எழுதினாரு. செக்ரோல்னா யார் வேலைக்கு வந்தாங்க, எத்தன கிலோ கொழுந்து எடுத்தாங்கனு சம்பளத்துக்காக தோட்டத்துல எழுதி வைக்கிற கொப்பி. அந்த எட்டு மாசமும் எங்க கேஸ் ஸ்டடி அந்த செக்ரோல் தான். தோட்டத்து பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சிஸ்டம், யாருமே அத சிஸ்டம்னு நெனச்சு பார்க்காத ஒண்ணு.

டேட்டா எங்க இருந்து எங்க போகுதுனு வரைஞ்சு காட்டுற டேட்டா ஃப்ளோ டயகிரம் சொல்லிக் குடுத்தத மட்டும் நான் மறக்க மாட்டேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நடக்கிறத வரையுங்கன்னாரு. நான் வரைஞ்சேன்: தொழிலாளி ஒரு பெட்டி, அங்க இருந்து ஒரு அம்பு, நிறுக்கிற வேல ஒரு வட்டம், அங்கிருந்து செக்ரோல் கொப்பிக்கு இன்னொரு அம்பு. சேர் வந்து என் கொப்பிய பார்த்துட்டு, உள்ள போற அம்புல எத்தன கிலோன்னாரு. ஏழுன்னேன். கொப்பில எத்தன எழுதுறாங்கன்னாரு. அஞ்சு சேர், ஈரத்துக்கும் பைக்கும் ரெண்டு கழிப்பாங்கன்னேன். அப்போ அந்த ரெண்டு கிலோ உன் படத்துல எங்கன்னு கேட்டாரு. நான் அப்படியே நின்னேன். அம்மா இத்தன வருஷமா அந்தி கொழுந்து நிறுத்துட்டு வந்து சொல்ற அந்த ரெண்டு கிலோ, நானே வரைஞ்ச படத்துல கூட இல்ல. உள்ள போற டேட்டா ஒரு வட்டத்துக்குள்ள போயி வெளிய வராம காணாம போனா அதுக்கு இந்த பாடத்துல கருங்குழின்னு ஒரு பேரே இருக்கு, அது பிழைன்னு எல்லா நோட்ஸ்லயும் ஒரு வரி இருக்கும், முன்ன படிச்ச இடத்துல நானும் அத பாடமாக்கி வச்சிருந்தேன். அது என்னன்னு எனக்கு வெளங்கினது அன்னைக்கு தான். திரும்ப வரைஞ்சேன், மொத்த நிறை ஒரு கட்டம், கழிவு ஒரு கட்டம், கழிவுக்கு காரணம் ஒரு கட்டம், மூணையும் கொப்பில வச்சேன். எத எழுதி வைக்கிறோம், எத விட்டுடுறோம்னு முடிவு பண்றது இந்த படத்த வரையிற ஆளு தான்னு அன்னைக்கு தான் எனக்கு பட்டது.

சொஃப்ட் சிஸ்டம்ஸ் மெதடாலஜியும் அதே மாதிரி தான் போச்சு. அத உருவாக்கின பீட்டர் செக்லண்ட், லங்காஸ்டர் யுனிவர்சிட்டி, அதுல வர்ற கேட்வோங்கிற ஆறு எழுத்து பட்டியல், இதெல்லாம் முன்னயே பாடம். கேட்வோல நடுவுல வர்ற அந்த டபிள்யூ ஒரு ஜெர்மன் சொல், உலகத்த பாக்கிற பார்வைன்னு அர்த்தம், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. சேர் ஹோம்வர்க் குடுத்தாரு, செக்ரோல் எதுக்கு இருக்குனு மூணு பேர்கிட்ட கேட்டுட்டு வாங்க, அவங்க சொன்னத அவங்க வார்த்தையிலயே எழுதுங்கனு. கிளாக்கர் ஐயாகிட்ட கேட்டேன், மாசம் பத்தாம் தேதி சம்பளம் பிழையில்லாம போகணும்ல பிள்ளனு சொன்னாரு. ஒபிஸ்ல ட்ரெய்னிங்ல இருக்கிற சின்ன துரைகிட்ட கேட்டேன், ஒரு கிலோவுக்கு கூலி எவ்வளவு விழுதுன்னு பாக்கனு சொன்னாரு. ராத்திரி அம்மா அடுப்படில ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தாங்க, அவங்ககிட்டயும் கேட்டேன். கைய தொடச்சுக்கிட்டு, நா எடுத்த கொழுந்து நா தான் எடுத்தேன்னு அத்தாட்சி வேணும்லனு சொன்னாங்க. ஒரே கொப்பி, மூணு பேருக்கு மூணு சிஸ்டம். சும்மா கம்ப்யூட்டர் வாங்கி வச்சா இதுல யாரோட சிஸ்டம் உள்ள போகும்? அந்த கேள்விய கோட் எழுதுறதுக்கு முன்ன கேக்கணும்னு தான் செக்லண்ட் அவ்வளவு மெனக்கெட்டிருக்காரு.

வோட்டர்ஃபோலுக்கு வருவோம், ஒரு கட்டம் முழுக்க முடிஞ்ச பிறகு தான் அடுத்த கட்டம்னு படிக்கட்டு மாதிரி இறங்குற முறை அது. முன்ன படிச்ச இடத்து நோட்ஸ்ல, 1970ல வின்ஸ்டன் ரொய்ஸ்னு ஒருத்தர் வோட்டர்ஃபோல கண்டுபிடிச்சு பரிந்துரை செஞ்சாருன்னு இருந்துச்சு. சேர் அந்த பேப்பரையே பிரிண்ட் எடுத்து வந்து காட்டினாரு. வோட்டர்ஃபோல்ங்கிற சொல்லே அதுல இல்ல, அந்த படிக்கட்டு படத்த போட்டுட்டு அப்படியே செஞ்சா ஆபத்து, கடைசில டெஸ்ட் பண்ணும்போது தான் பிழை தெரியும்னு அவரே எழுதியிருக்காரு, மொத தடவ செய்றத ஒரு ஒத்திகையா வச்சு ரெண்டு தடவ செய்யுங்கனும் சொல்லியிருக்காரு. பிழையான நோட்ஸுக்கு நான் காசு குடுத்திருக்கேன்னு எனக்கு கோவமே வந்துச்சு.

அப்புறம் தோட்டத்து சம்பளத்த வச்சே கேட்டாரு. அடிப்படை நாட்சம்பளம் 2019ல 700, 2021ல அலவன்ஸோட சேர்த்து 1000, 2024ல 1350. வோட்டர்ஃபோல்ல மாதிரி தேவைகள எல்லாம் மொதல்லயே எழுதி கையெழுத்து வாங்கி பூட்டிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு சிஸ்டத்த குடுத்தா என்ன ஆகும்னு. ஒரு பையன் உடனே, தொகைய டேட்டாபேஸ் டேபிள்ல வச்சா மாத்திக்கலாம் சேர்னு சொன்னான், சரியான பதில் தான். அப்போ நாள் கணக்க விட்டுட்டு கிலோ கணக்குக்கு தோட்டம் மாறினா, முழு நாளுக்கு போடுற பேர் எங்க, அர நாளுக்கு போடுற அரைப்பேர் எங்கனு கேட்டாரு, அதுக்கு யாரும் வாய் தொறக்கல, ஏன்னா அப்போ தொகை மட்டும் இல்ல, டேபிளே மாறும். அங்க இருந்து தான் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு காட்டி மாத்திக்கிட்டே போற எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்க்கு கூட்டிட்டு போனாரு. கென்ட் பெக் அத வளர்த்தெடுத்ததே கிரைஸ்லர் கார் கம்பெனியோட சம்பள சிஸ்டத்துல தான், 1996 வாக்குல. வாடிக்கையாளர் ஒருத்தர் டீமோடவே ஒக்காந்திருக்கணும்னு அதுல ஒரு விதி இருக்கு, அது ஏன்னு எனக்கு வெளங்கப்படுத்த வேண்டியிருக்கல, அரைப்பேர் எப்படி போடுறதுனு கொழும்புல ஒரு ரூமுக்குள்ள ஒக்காந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஈனிட் மம்ஃபோர்ட்னு ஒருத்தங்க, எதிக்ஸ்னு ஒரு மெதடாலஜி, எங்க சிலபஸ்ல ஒரே ஒரு வரி, சேர் ஒரு முழு நாள் எடுத்தாரு. கம்ப்யூட்டர் பக்கம் வர்றதுக்கு முன்ன அவங்க லிவர்பூல் துறைமுகத்து ஆளுங்களையும் நிலக்கரி சுரங்கத்து ஆளுங்களையும் பத்தி ஆராய்ச்சி பண்ணவங்க. சிஸ்டத்த பாவிக்கப் போறவங்களே அத டிசைன் பண்றதுலயும் ஒக்காரணும், வேல செய்ற ஆளுக்கு வேலையில திருப்தியும் ஒரு தேவை தான், அதையும் எழுதுங்கன்னு சொல்றாங்க. இது மத்த மெதடாலஜிய விட நம்ம ஊருக்கு ரொம்ப வேணும்னு நான் நெனைக்கிறேன், மேல் நாட்டு பாடத்துல ஒரு ஓரத்துல கெடக்குது.

குறைகளும் இருக்கு. அஜைல் பகுதிய கடைசி ரெண்டு வாரத்துல அவசர அவசரமா முடிச்சாரு. அஜைல்ல வர்ற ஸ்க்ரம்ங்கிற முறைல டீம் தெனம் பதினஞ்சு நிமிஷம் கூடுறாங்கல்ல, அது தோட்டத்துல காலைல வேல பிரிச்சுக் குடுக்க கூட்டுற நம்ம பெரட்டு மாதிரின்னு சொன்னாரு. எனக்கு அது ஒத்து வரல, கிளாஸ்லயே சொன்னேன். பெரட்டுக்களத்துல மேல இருந்து சொல்லுவாங்க, நீ அந்த மலைக்கு போ நீ இந்த மலைக்கு போனு, நம்ம கேட்டுட்டு போகணும். ஸ்க்ரம்ல இன்னைக்கு என்ன செய்யப்போறேன்னு வேல செய்றவங்க தான் தங்களுக்குள்ள பேசி முடிவெடுக்கிறாங்க, நேர் எதிர். சேர் கொஞ்சம் யோசிச்சுட்டு, சரிதான், நீ சொல்றத எழுதிக்கிறேன்னாரு, அந்த மனசு எனக்கு பிடிச்சிருந்துச்சு, ஆனா ஸ்க்ரம்க்கு நல்ல உதாரணம் கடைசி வரைக்கும் வரல, அந்த பகுதிக்கு நான் தனியா யூடியூப்ல தான் பார்த்துக்கிட்டேன். நோட்ஸ் போட்டோகொப்பி மங்கலா இருக்கும், சில டயகிரம்ல அம்பு எந்த பக்கம்னே தெரியாது. டயகிரம் வரையிற சொஃப்ட்வெயர், கேஸ் டூல்னு சொல்றது, எதுலயும் பழக்கல, எல்லாம் பென்சில் தான். இன்னொண்ணு, வெளக்கம் முழுக்க தமிழ்ல, எக்ஸாம் முழுக்க இங்கிலிஷ்ல, பதில் எழுதி பழக்கிறது மாசத்துக்கு ஒரு தடவ மட்டும். இங்கிலிஷ் கஷ்டம்னா வீட்ல தனியா எழுதி பழகுங்க, நான் பழைய பேப்பர் பதினொண்ணு எழுதி குடுத்து திருத்திக்கிட்டேன், அதுக்கு அவரு தனியா காசு எடுக்கல.

வெறும் பாஸ் மார்க் மட்டும் போதும், மூணு மணித்தியாலத்துல சோர்ட் நோட் வேணும்னு நெனைக்கிறவங்களுக்கு இந்த கிளாஸ் சரிப்பட்டு வராது, மொத மாசத்துலயே நாலு பேர் நின்னுட்டாங்க. மத்தவங்க போங்க.

சனி காலைல எட்டரைக்கு தொடங்கும், ஒரு மணிக்கு முடியும். பொகவந்தலாவ, நோர்வூட் பக்கத்து ஆளுங்க ஆறர பஸ்ஸ பிடிங்க, சிவனொளிபாத சீசன்ல டவுன் முழுக்க சனமா இருக்கும், அந்த மாசங்கள்ல இன்னும் அர மணி முன்னயே வாங்க, திரும்பும்போதும் பஸ்ஸுல இடம் கெடைக்காது. கிளாஸ்ல கோடு போடாத ஏஃபோர் கொப்பி, பென்சில், ரப்பர் கட்டாயம். அடுத்த பேட்ச் ஜனவரில எடுக்கிறாருனு சொன்னாரு, இருபது பேருக்கு மேல சேர்க்க மாட்டாரு, பெஞ்சு அவ்வளவு தான்.