வெள்ளவத்தையில் ஒரு பிள்ளைகள் உணவு ஆலோசனை நிலையம்

மகனுக்கு 11 வயது, 58 கிலோ. "வளர்ந்தால் மெலிந்துவிடுவான்" என்று அம்மம்மா சொன்னதை நம்பி இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டேன். போன மாதம்தான் காலி வீதிப் பக்கம் உள்ள இந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நேரம் தந்தது ஐந்து மணிக்கு, உள்ளே கூப்பிட்டது ஆறே முக்காலுக்கு. காத்திருக்கும் இடத்திலேயே ரோல்ஸும் சோடாவும் விற்கிறார்கள். அதை என்னவென்று சொல்ல!

ஆனால் டொக்டர் அருமை. நிறையோடு நிற்கவில்லை, இடுப்பையும் அளந்தார். கழுத்தில் இருந்த கறுப்பைப் பார்த்து, இது அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம் என்றார். (நான் பீர்க்கம் நாரால் தேய்த்த தேய்ப்பு!) கொழுப்புக் கலங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலும் இளவயதிலும்தான் கூடுகிறதாம். பெரியவனானபின் மெலிந்தால் கலங்கள் சுருங்கும், எண்ணிக்கை அநேகமாக அப்படியே இருக்கும். அவை கொள்ளாத கொழுப்பு ஈரலில் போய்ப் படியும்.

பட்டினி போடச் சொல்லவில்லை. பின்னேரம் கடற்கரையில் ஓட்டம், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்ப் போத்தல், குளிர்பானப் போத்தலில் சீனி கூட என்று காட்டும் சிவப்பு வட்டம் இருந்தால் வேண்டாம். அவ்வளவுதான்.

கட்டணம் கொஞ்சம் கூடத்தான். அடுத்த மாதமும் போவோம், கையில் அவித்த கடலையோடு.