145,000 ரூபா கொடுத்து மதம் மாறப் போனேன்: காதலிக்கிற பிள்ளைகள் கவனம்

நேற்று பின்னேரம் நாலரைக்கு அந்த மாடிப்படியால் இறங்கினேன். இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. கோபம் ஆறினால் வெட்கம் வந்து வாயை மூடிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன். என் 145,000 ரூபா போய்விட்டது. இனி இப்படி ஒரு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் திருகோணமலை டவுனில் பிறந்து வளர்ந்தவள், சைவக் குடும்பம். கணக்கு ரியூசன் கொடுத்துத்தான் சம்பாதிக்கிறேன். நான் விரும்புகிறவர் பாலையூற்றுப் பக்கம், கத்தோலிக்கர். ஐந்து வருஷப் பழக்கம். கோயில் மணி, பாங்கு, தேவாலய மணி, பௌத்தப் பன்சாலையின் பிரித் ஓதல் எல்லாவற்றையும் ஒரே காற்றில் கேட்டு வளர்கிற ஊர் இது. சமயம் வேறு என்று இரண்டு பேர் விரும்புவது இங்கே புதினமே இல்லை. ஆனால் கலியாணம் என்று வாய் திறந்த அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் காற்று மாறிவிட்டது.

அவருடைய அம்மா என்னை மாறச் சொல்லி ஒருநாளும் நேரே கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "உனக்கு வெள்ளைச் சாறி வடிவா இருக்கும் பிள்ளை, கோயில்ல முன்னுக்கு நிண்டா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வசனம் என் தலைக்குள் போய் இருந்துவிட்டது. என் வீட்டில் அப்பா சொன்னதும் ஒரே ஒரு வசனம்: "மாறினா இந்தப் படலையத் திறக்காதே." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எனக்குத் திருநீறு பூசுவார். முன்பை விட அழுத்திப் பூசுவார்.

மாறுவதா, வேண்டாமா? இதை நான் விரும்புகிறவரிடம் மனம் விட்டுக் கதைத்திருக்க வேண்டும். கதைக்கவில்லை. இரவில் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது ஒரு விளம்பரம் வந்தது. "சமயம் வேறா? கவலை வேண்டாம். பதிவுத் திருமணம், மதமாற்றச் சான்றிதழ், பெயர் மாற்றம் எல்லாம் ஒரே இடத்தில்."

அது ஒரு ஆவண வேலை அலுவலகம். படிவம் நிரப்புவது, பாஸ்போட் வேலை, பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது, கலியாணப் பதிவு என்று எல்லாவற்றையும் பொறுப்பெடுத்துச் செய்கிறவர்கள். பெயரை எழுத மாட்டேன். பொலிசில் முறைப்பாடு போய்க்கொண்டிருக்கிறது, என் பக்கத்தில் பிழை வரக்கூடாது. ஒரு கடைக்கு மேலே சின்ன அறை. சுவரில் ஒரே பிரேமுக்குள் ஓம், சிலுவை, பிறை, தர்மச்சக்கரம் நாலும். அதைப் பார்த்ததும் என் மனம் இளகிவிட்டது. நாலு சமயத்தையும் ஒன்றாக மாட்டி வைத்திருக்கிறவன் பொய் சொல்வானா என்று நினைத்தேன்.

நான் நம்பின இடத்தைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஆள் என்னை இருக்கச் சொல்லி, பொடியன் ஒருவனை அனுப்பி நெல்லிக்கிரஷ் வாங்கித் தந்தான். "தங்கச்சி, என்ட அம்மா சைவம், அப்பா வேதம், கிறிஸ்தவர். எங்கட அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும், நீங்க ஒண்டுக்கும் பயப்பட வேணாம்" என்றான். அந்த நேரம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாதக்கணக்காக ஒருவரும் என்னிடம் "பயப்பட வேணாம்" என்று சொல்லியிருக்கவில்லை. பிறகு என் முன்னாலேயே போன் எடுத்து, "சேர், என்ட தங்கச்சி ஒராள், கொஞ்சம் கெதியாச் செய்து தரவேணும்" என்றான். அந்தப் பக்கத்தில் உண்மையில் ஆள் இருந்ததா என்று இப்போது எனக்குத் தெரியாது.

அவன் சொன்ன பொய் இதுதான்: "ரெண்டு பேரும் ஒரே சமயமா இல்லாட்டி பதிவாளர் எழுத மாட்டார்." நான் பட்டதாரி. பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்கிறவள். ஏன், எந்தச் சட்டத்தில் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. என் அடையாள அட்டையை வாங்கிப் போட்டோக்கொப்பி எடுத்தான். அந்த அட்டையில் சமயம் என்று ஒரு இடமே கிடையாது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

பிறகு லெமினேட் பண்ணின ஒரு தாளை நீட்டினான். புனிதர்களின் பெயர்ப் பட்டியல். "புதுப் பெயர் ஒண்டு தெரிவு செய்யுங்க, அதையும் சேர்த்துத்தான் அடிப்பம்." தாளின் ஓரம் பிய்ந்து, பல பேர் விரல் வைத்த இடமெல்லாம் மங்கிப் போயிருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பெண்கள் அந்தத் தாளில் விரல் வைத்தார்களோ. என் பெயர் அம்மம்மா வைத்த பெயர், அம்மனின் பெயர். நான் அதை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, பட்டியலில் பதினோராவது பெயரைக் காட்டினேன். கடையில் மா வாங்குகிறபோதுகூட நான் இதைவிடக் கூடுதலாக யோசிப்பேன்.

அன்றைக்கு 60,000 கொடுத்தேன், சீட்டுக் காசு. அடுத்த கிழமை "மேலிடத்துக்குக் கட்ட வேணும்" என்று 85,000 கேட்டான். அம்மம்மா தந்த காப்பை வங்கியில் அடகு வைத்துக் கொடுத்தேன். மொத்தம் 145,000. ரசீதில் "சேவைக் கட்டணம்" என்று மட்டும் எழுதினான். என்ன சேவை என்று எழுதவில்லை. இதையெல்லாம் அவரிடம் மறைத்தேன். சான்றிதழைக் கையில் கொடுத்து அவரையும் அவருடைய அம்மாவையும் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு கிழமை என்றான். ஐந்து கிழமை போனது. போன் எடுத்தால், சேர் லீவு. அடுத்த தரம், பைல் கொழும்புக்குப் போயிருக்கு. அப்புறம் சிஸ்டம் வேலை செய்யவில்லை. நேரே போனால் அந்தப் பொடியன் மட்டும் இருப்பான், "அண்ணா இப்பதான் வெளிய போனவர்." வட்ஸ்அப்பில் நீல அடையாளம் விழும், பதில் வராது. ஒருநாள் அந்த ஆளே எடுத்து, "ஏன் தங்கச்சி இந்த அவசரம், மாப்பிள்ளை ஓடிப்போயிடுவாரோ?" என்று சிரித்தான். முதல் நாள் என்னைக் கண்கலங்க வைத்த அதே "தங்கச்சி" என்ற சொல்.

கடைசியில் தாள் வந்தது. மஞ்சள் நிறத் தடித்த தாள், பொன்னிறக் கரை, நான் கேள்விப்படாத ஒரு சபையின் பெயர், நீல முத்திரை. ஞானஸ்நானம் பெற்றதாக என் புதுப் பெயர். திகதிகூட இருந்தது. அந்தத் திகதியில் நான் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அதைக் கொண்டுபோய் நான் விரும்புகிறவருடைய தேவாலயத்துப் பங்குச் சுவாமியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, உங்கட தலையில தண்ணி ஊத்தினது ஆர்?"

எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

அவர் பேசவில்லை, ஏசவில்லை. விளங்கப்படுத்தினார். வளர்ந்தவர்களுக்கு ஞானஸ்நானம் என்றால் மாதக்கணக்கில் மறைக்கல்வி படிக்க வேண்டும், பெரும்பாலும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவு வழிபாட்டில்தான் கொடுப்பார்கள். அதற்கு விலை இல்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது பாவம் என்றார். அதைவிட எனக்கு அடித்தது அடுத்த விஷயம். நான் மாறவே தேவையில்லையாம். ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் ஒருவர் தேவாலயத்தில் கலியாணம் முடிக்க விரும்பினால் ஆயரிடம் விலக்கு வாங்கலாம். அதற்குக் கத்தோலிக்கர்தான் வாக்குக் கொடுக்க வேண்டும்: தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளையும் அதில் வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று. அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் இருந்து கதைக்க வேண்டியது அந்தப் பிள்ளையள் விஷயத்தை" என்றார் சுவாமி. நாங்கள் ஐந்து வருஷத்தில் ஒருநாளும் கதைக்காத விஷயம் அது.

பிரதேச செயலகத்துக்குப் போனேன். விவாகப் பதிவாளர் அம்மா நான் கேட்டதை நம்பாமல் பார்த்தார். 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சமயத்தைக் கேட்பதில்லை. இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஏற்கெனவே ஒரு கலியாணம் உயிரோடு இருக்கக்கூடாது, நெருங்கிய இரத்த உறவாக இருக்கக்கூடாது. முன்கூட்டி அறிவித்தல் கொடுக்க வேண்டும். இருவரும் முஸ்லிம்கள் என்றால் அவர்களுக்கு 1951ஆம் ஆண்டின் வேறு சட்டம். சைவமும் வேதமும் முடிக்க யாரும் எதையும் மாற்றத் தேவையில்லை. அவர் சுவரைக் காட்டினார், கட்டண விபரம் ஒட்டியிருந்தது. என் 145,000 ரூபாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது ஒரு தொகையே இல்லை.

கிண்ணியாவில் என்னோடு படித்த தோழிக்கு அழுதுகொண்டே போன் எடுத்தேன். அவள் சொன்னாள், முஸ்லிம் சட்டப்படி முடிப்பதென்றால் இரண்டு பேரும் முஸ்லிமாக இருக்கத்தான் வேண்டும், அங்கே மாறுவது உண்மையான கேள்வி, ஆனால் இஸ்லாத்தை ஏற்கிற கலிமா சொல்வதற்கு ஒருவரும் காசு கேட்க முடியாது என்று. "ஆரு வித்தாலும் அது கள்ளச்சாமான்டி" என்றாள்.

நேற்று காசைத் திருப்பிக் கேட்கப் போனேன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். எறும்பு எழுத்தில் "சேவைக் கட்டணம் மீளளிக்கப்பட மாட்டாது." நான் சத்தம் போட்டேன். அவன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைக் குறைத்துக் கேட்டான்: "உங்கட அப்பாவுக்கு இது தெரியுமோ?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இவர்களுடைய வியாபாரத்துக்கு மூலதனம் எங்களுடைய ஒளிப்புத்தான். வீட்டுக்குத் தெரியாமல் வருகிற பெண் பொலிசுக்குப் போகமாட்டாள் என்ற கணக்கு. அந்த லெமினேட் தாளில் விரல் வைத்த ஒவ்வொருத்தியையும் இந்தக் கேள்வியால்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.

நான் இராத்திரியே அப்பாவிடம் சொன்னேன். 145,000 என்றதும் கதிரையில் இருந்துவிட்டார். காப்பு அடகில் என்றதும் அம்மா அழுதார். அப்பா கனநேரத்துக்குப் பிறகு கேட்டது காசைப் பற்றி அல்ல. "அப்ப நீ உண்மையா மாற விரும்பினியா?" இல்லை அப்பா என்றேன். அதுதான் உண்மை. எனக்கு இயேசுவின் மேல் ஒரு மனக்குறையும் இல்லை, ஆனால் நான் அவரை நம்பிப் போகவில்லை. ஒரு அம்மா சிரிக்க வேண்டும் என்று போனேன். நம்பிப் போகிறவளுக்கு அந்த மாதக்கணக்குப் படிப்பு பாரமாக இருக்காது. குறுக்கு வழி தேடினேன் என்பதே எனக்கு விருப்பமில்லை என்பதற்குச் சாட்சி. இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் எனக்குச் சுதந்திரம் தருகிறது. அந்தச் சுதந்திரத்தை நான் ஒரு மாடி அறையில் காசு கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் விரும்புகிறவர் இன்னும் கோபமாக இருக்கிறார். "நான் உன்னட்ட மாறச் சொன்னனா? ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்றார். அவருடைய அம்மாவிடம் அவர்தான் கதைக்கப் போகிறார். எங்கள் கலியாணம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. என் பெயரில் முடியும், அது மட்டும் நிச்சயம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது தலை வேலை செய்யவில்லை. அவசரமாகச் சொல்கிறேன். சமயம் மாறினால்தான் பதிவு என்று யார் சொன்னாலும் காசு கொடுக்க முன்பு பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் கேளுங்கள். "சேவைக் கட்டணம்" என்று மட்டும் எழுதின ரசீதை வாங்காதீர்கள், பின்பக்கத்தை வாசியுங்கள். அடையாள அட்டைக் கொப்பி கொடுத்தால் எதற்குக் கொடுத்தது என்று அதன் மேலேயே எழுதிக் கொடுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம். வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். உங்களுக்கும் அந்த மஞ்சள் தாள் கிடைத்திருந்தால் கிழித்து எறியாதீர்கள், வைத்திருங்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பொலிசுக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் வருகிறார். ரசீது, மஞ்சள் தாள், வட்ஸ்அப் பிரின்ட் எல்லாம் ஒரு பைலில் போட்டு மேசையில் வைத்திருக்கிறார். மேலே என் பெயரை அவரே எழுதியிருக்கிறார்.