பென்டிரைவில் படம் கொண்டுபோகிற வேலை: ஏழு வருட அனுபவம்

2018 ஆகஸ்டில் ராமநாதபுரத்தில் பழைய புரொஜெக்டர் ஒன்றை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அதிலிருந்து மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரப் பள்ளிகளுக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கும் சமூக ஆவணப்படங்களைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை, இது பக்கவேலை. கொரோனா காலத்தில் எல்லாம் நின்றுபோனது. அதைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு.

படம் எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதில் பெரிய கஷ்டம் இல்லை. ஆவணப்படம் எடுக்க மத்திய அரசு 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்கள் 2022 இணைப்புக்குப் பிறகு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) வசம் இருக்கின்றன. பி.எஸ்.பி.டி. (பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் டிரஸ்ட்) என்ற அறக்கட்டளை தயாரித்த ஆவணப்படங்கள் பல யூடியூபிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய, கிராம வாழ்க்கையைப் பதிவுசெய்கிற பாரி இணையதளத்தில் குறும்படங்களும், அவற்றோடு சேர்த்துப் படிக்கத் தமிழ்க் கட்டுரைகளும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ்கூடத் தன்னுடைய ஆவணப்படங்கள் சிலவற்றைக் கட்டணம் வாங்காமல் கல்விக்காகத் திரையிட அனுமதிக்கிறது. இவை போக, இயக்குநருக்கே நேராக எழுதிக் கேட்பது. எனக்கு அதிகம் பலித்தது இந்தக் கடைசி வழிதான். பத்துப் பேருக்கு எழுதினால் ஆறு பேர் பதில் போடுவார்கள். ‘பார்த்துவிட்டுப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அது போதும்’ என்றவர்களும் உண்டு.

வெளிநாட்டு விநியோகஸ்தர்களிடமும் முயன்று பார்த்தேன். அமெரிக்காவில் நியூ டே ஃபிலிம்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பெண்களைப் பற்றிய படங்களை எடுத்து வாங்க ஆளில்லாமல் நின்ற சில இயக்குநர்கள் 1971இல் கூடி ஆரம்பித்த கூட்டுறவு. இன்றைக்கும் படம் எடுத்தவர்களே உறுப்பினர்கள், அவர்களே விற்பனையாளர்கள். நம் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது, விலைதான் கட்டுப்படியாகவில்லை. தனியாள் வீட்டில் பார்க்க ஒரு விலை, பல்கலைக்கழக நூலகத்துக்கு அதைவிடப் பல மடங்கு. அங்கே அது நியாயம். ஆனால் சில நூறு டாலர் என்றால் இங்கே ஒரு பள்ளி அந்தக் காசில் கரும்பலகையைச் சரிசெய்து, மின்விசிறியும் வாங்கி மாட்டிவிடும்.

உரிமை விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் முதல் வருடம் பயந்துகொண்டே போட்டேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், கல்வி நிறுவனம் தன் பணிகளின் ஒரு பகுதியாக ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கப் படம் போடுவதற்கு விலக்கு இருக்கிறது. அதே படத்தை மாதா கோயில் திடலில் ஊருக்கே போட்டால் கதை வேறு. உரிமையாளரின் அனுமதியும் வேண்டும், தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். பள்ளியில் போடுவதானாலும் இயக்குநரிடம் கடிதம் வாங்கிவிடுகிறேன். சட்டத்துக்காக இல்லை, தலைமையாசிரியர் மேசையில் வைக்க ஒரு தாள் இருந்தால் பேச்சு சுமுகமாகப் போகும்.

ஸ்ட்ரீமிங் சந்தா ஒன்று ஒரு வருடம் எடுத்தேன். தண்டம். கடலோரப் பள்ளியில் பதினோரு மணிக்கு நெட் எப்படி இருக்கும் என்று அந்தக் கம்பெனிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். படம் சுற்றிக்கொண்டே நிற்கும், பிள்ளைகள் அந்த வட்டத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று மெயில் போட்டேன், பதில் வரவில்லை.

பென்டிரைவ்தான் ஓடுகிறது. அதிலும் பட்டுத் தெரிந்துகொண்டது உண்டு. ஃபேட்-32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது. பழைய ஸ்மார்ட் டிவிகள் பலவற்றுக்கு அந்த முறைதான் ஒத்துவரும். சப்டைட்டிலைத் தனிக் கோப்பாகக் கொண்டுபோனால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்து நிற்கும், படத்தோடு சேர்த்தே பதித்துவிட வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாவது வரி போய்விடும் என்பது வேறு சங்கதி. சின்ன வகுப்பு என்றால் நானே பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டு போவேன்.

உப்புக்காற்று எச்.டி.எம்.ஐ. துளையைத் தின்றுவிடுகிறது. பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைத்தும் இரண்டு கேபிள் போயின. ஜன்னலுக்குத் திரை இருக்கிற வகுப்பறையை இதுவரை மூன்று இடங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே நான்கு ஜமுக்காளம், கயிறு, ஆணி எப்போதும் கையில். இருட்டில் எடுத்த காட்சிகள் நிறைந்த படம் என்றால் பகலில் போடாதீர்கள், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் வெள்ளைத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய ஒரு படத்தைப் பாம்பன் பக்கத்துப் பள்ளி ஒன்றில் போட்டதைச் சொல்ல வேண்டும். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிற பெண்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்காவாக அறிவித்தபின் அவர்களுக்கு வந்த நெருக்கடி. அமைதியாகத்தான் பார்த்தார்கள். பாதிப் படத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், அவங்க மரிக்கொழுந்துன்னு சொல்றாங்க, கையில இருக்கது கட்டக்கோரை” என்றாள். இரண்டும் வேறுவேறு பாசி. படத்தை நிறுத்தினேன். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கஞ்சிப்பாசி, பக்கோடா பாசி என்று பாசிப் பெயர்களாக வந்து விழுந்தன. ஒரு குளிர்பானக் கம்பெனி வளர்க்கச் சொல்லிக் கொண்டுவந்த பாசிக்குப் பெப்சி பாசி என்றே பெயராகிப்போனது. கடைசி வரிசையிலிருந்து இன்னொருத்தி, “எதுக்கு சார் இம்புட்டுச் சோகமா வயலின் போட்டிருக்காங்க? எங்கம்மா வத்தையில ஏறுனா அது பேசுற பேச்சுக்கு எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் போவாங்க” என்றாள்.

இதை அப்படியே இயக்குநருக்கு எழுதினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பத்து நாளில் வர்ணனையும் இசையும் எடுத்த, 22 நிமிடத்துக்குச் சுருக்கிய பிரதி ஒன்றை அனுப்பிவைத்தார். அதைத்தான் இப்போது கொண்டுபோகிறேன். வர்ணனைக்குப் பதிலாகத் தாய்மார்களை அழைக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் பாசிக்கும் போவதில்லை என்று பெண்களே முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். பள்ளி திறக்கும் ஜூன் முதல் இரண்டு வாரத்தில் தேதி கேட்டு வாங்கினால் அம்மாவும் அப்பாவும் வருவார்கள். அந்த நாட்களில் 22 நிமிடப் படம் இரண்டு மணி நேரம் ஓடும்.

நடுவில் நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. ஒரு பள்ளியில் சாதிப் பெயர் காதில் விழுந்ததும் தலைமையாசிரியர் சுவிட்சை அணைத்துவிட்டார். “படம் நல்லாத்தான் இருக்கு தம்பி, நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா நான்தானே பதில் சொல்லணும்” என்றார். எனக்கு அவர்மேல் வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் போடுகிறார்கள். அதற்குப் பிறகு ‘பள்ளியில் எதற்குப் படம்?’ என்ற கேள்வி பெரும்பாலும் போய்விட்டது.

கல்லூரியில் 52 நிமிடப் படம் எடுபடும், நாலு மணிக்கு ஆரம்பிக்காத வரைக்கும். நாலரைக்குப் பஸ்.

ஏழு வருடத்தில் சுமார் நாற்பது பள்ளி பார்த்திருப்பேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டவை ஒன்பது. அந்த ஒன்பதிலும் இதில் ஆர்வம் காட்டியது ஒரே ஒரு டீச்சர் அல்லது சார். பிரின்டர் மைக்குக் காசில்லாத பள்ளியும் அதில் உண்டு, புது ஸ்மார்ட் போர்டு வைத்த பள்ளியும் உண்டு. அந்த ஆசிரியருக்கு மாறுதல் வந்தால் அங்கே படம் நின்றுவிடும். மூன்று பள்ளிகளில் அப்படித்தான் ஆயிற்று. அதனால் இப்போது பென்டிரைவைப் பள்ளிக்குக் கொடுப்பதில்லை, ஆசிரியர் கையில்தான் கொடுக்கிறேன்.

போன மாதம் தங்கச்சிமடத்திலிருந்து திருவாடானைப் பக்கம் மாறிப்போன ஒரு டீச்சர் போன் செய்தார். அங்கே கடல் இல்லை, கண்மாய்தான், இந்தப் படம் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று கேட்டார். போட்டுப் பாருங்கள் என்றேன். “சரி தம்பி, பென்டிரைவ் ஏங்கிட்ட இருக்கு. அந்த ஜமுக்காளத்துல ரெண்டு மட்டும் பஸ்ல போட்டுவிடுங்க” என்றார்.